ஆண்டாயி கேட்ட உத்தரவு

ஆண்டாயிக்கு எதற்கும் பல்லி சொல்ல வேண்டும். ஆடு வாங்கவா, பல்லி சொல்ல வேண்டும். அந்த ஆட்டை விற்கவா, அதற்கும் பல்லிதான். அவளை மட்டும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. குரும்பலூருக்கு மேற்கே நாலு மைல் தள்ளியிருந்த அந்த ஊரின் காலனியில் எல்லாருக்குமே அதுதான் பழக்கம். காலனிக் கோடியில் செல்லியம்மனுக்கு ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில் உண்டு. கல்யாணமோ, வெளியூருக்குப் பிழைக்கப் போவதோ, எதுவானாலும் அம்மன் முன்னால் சூடம் கொளுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். சுவரில் வலப்பக்கமிருந்து பல்லி சத்தம் கொடுத்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். இடப்பக்கம் என்றால் வேண்டாம் என்கிறாள். அவ்வளவுதான் விஷயம், இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை என்றுதான் ஆண்டாயியும் முதலில் நினைத்திருந்தாள்.

எழுபத்தோராம் வருஷம் அவள் கல்யாணமும் இப்படித்தான் முடிவானது. மாப்பிள்ளை செல்லப்பன் கிணறு வெட்டுகிற ஆள். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். இரண்டு வீட்டாரும் அம்மன் எதிரே உட்கார்ந்து சூடம் அணைவதற்குள் பல்லி மூன்று தரம் சொல்லிவிட்டது. வலப்பக்கம்தான், சந்தேகமே இல்லை. செல்லப்பனின் அக்கா வீரம்மாள் அந்தச் சந்தோஷத்தில் போட்ட குலவை ஊர்த்தெரு வரைக்கும் கேட்டதாம். ஏழு வருஷம் வாழ்ந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தன. எட்டாம் வருஷம், வெட்டப் போன கிணற்றில் கல் சரிந்து செல்லப்பன் போய்விட்டான்.

அழுதாள். அழ முடிந்த வரைக்கும் அழுதாள். அழுகை ஓய்ந்து களை வெட்டப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள், மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்தவளுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. களைக்கொத்தைப் போட்டுவிட்டு நேரே கோயில் பூசாரி கண்ணையன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

“மாமா, பல்லி வலப்பக்கம் சொன்னா நல்லதுங்கிறீங்களே, அது யாரோட வலப்பக்கம்?”

“இதென்ன கேள்வி? நம்ம வலப்பக்கந்தான்.”

“ஆத்தா நமக்கு எதுத்தாப்புல இருக்குது. நமக்கு வலப்பக்கம்னா அதுக்கு இடப்பக்கம் ஆகுதே. உத்தரவு குடுக்கறது ஆத்தாவா, நாமளா?”

கண்ணையன் தலையைச் சொறிந்தார். அவர் அப்பா காலத்திலிருந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், கோயில் இருக்கிற திசையைப் பார்த்தார்.

“போ புள்ள, இருக்கறவங்களையும் சேத்துக் கொழப்பாத” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் உள்ளே போய்விட்டார், ஆண்டாயியால் எங்கே போக முடியும்? அன்றைக்குப் பிடித்த குழப்பம் அவளை விடவேயில்லை. ஒரு நாள், ஆத்தா அன்றைக்கே வேண்டாம் என்றுதான் சொன்னாள், நாம்தான் தப்பாக எடுத்துக்கொண்டோம் என்று நினைப்பாள். மறுநாள் பிள்ளைகள் இரண்டும் சிரிப்பதைப் பார்த்து, இல்லை, ஆத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைப்பாள். ஆனால் கோயிலுக்குப் போவதை மட்டும் விடவில்லை. உத்தரவு எந்தப் பக்கம் என்று தெரியாமலே உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருக்கப் பயம்.

அப்போதுதான் எண்பத்திரண்டாம் வருஷம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறு போடுவது என்று சர்க்கார் ஆரம்பித்த வருஷம். ஊருக்கு ஊர் அடுப்பு வைத்தார்கள். இந்த ஊரில் மட்டும் அடுப்பு எரியவில்லை. ஊர்த்தெருவில் ஆள் கேட்டபோது, கண்டவர் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிக் கொட்ட எங்களுக்கு என்ன தலையெழுத்தா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சரி என்று தலைமையாசிரியர் பாலசுந்தரம், தாலி இழந்தவள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவள் என்று ஆண்டாயி பேரில் ஒரு மனு எழுதி, அவள் கைநாட்டு வாங்கிப் பெரம்பலூருக்கு அனுப்பினார். அவ்வளவுதான், ஊர்த்தெரு துள்ளிக் குதித்தது. காலனிக்காரி ஆக்கி நம்ம பிள்ளை தின்பதா? தாங்களும் செய்ய மாட்டார்கள், செய்ய வருகிறவளையும் விடமாட்டார்கள். அப்படியும் சில ஜென்மங்கள்!

பாலசுந்தரம் நல்ல மனுஷர், ஆனால் பயந்த மனுஷர். யாரோடும் சண்டை போட மாட்டார், யார் சண்டை போட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் ஆடி மாசத்து முதல் வாரத்தில் காலனிக்கு வந்து சேதி சொன்னார்.

“ஆண்டாயி, ஆர்டர் வந்துருச்சும்மா. வெள்ளிக்கிழம வந்து அடுப்பப் பத்த வச்சிரணும். வரலேன்னா வேற ஊரு ஆளப் போட்டுருவாங்க.”

“ஆடி மாசங்களே சார். புதுசா எதுவும் தொடங்கப்புடாதுன்னு சொல்லுவாங்களே?”

“ஆடி அம்மன் மாசந்தானே? நல்லதுதானேம்மா?”

அதுவும் சரிதான். ஆடி அம்மன் மாசம் என்பதால் நல்லதா, எதையும் தொடங்கக் கூடாத மாசம் என்பதால் கெட்டதா? ஆண்டாயிக்கு ஏற்கெனவே இருக்கிற குழப்பம் போதாது என்று இது வேறு வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலமே ஊர்த்தெரு அமிர்தவல்லி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். ஆண்டாயி களை வெட்டுவதும் வெங்காயம் அறுப்பதும் மல்லாட்டை பறிப்பதும் அமிர்தவல்லி வீட்டுக் காட்டில்தான். வருஷத்தில் எட்டு மாசம் அந்தக் காடுதான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றியது. அமிர்தவல்லி வாசல்படியில் நின்றுகொண்டு பேசினாள், ஆண்டாயி கீழே தெருவில் நின்றாள்.

“பள்ளிக்கூடத்துல ஆக்கப் போறியாமே?”

“இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலீங்கம்மா.”

“போறதுன்னா போ. யாரு புடிச்சு வச்சிருக்கா? ஆனா அங்க அடுப்படிக்குப் போனீன்னா, எங்க காட்டுப் பக்கம் தல வச்சும் படுக்காத. எங்க சின்னப் பொண்ணு அங்கதான் நாலாவது படிக்குது. நீ ஆக்குனதத் தின்னுட்டு வந்தான்னு நாலு பேரு சொல்லக் கேக்கறதுக்கு நான் உசுரோட இல்ல.”

பள்ளிக்கூடத்துக்குப் போனால் காடு போச்சு. அங்கே பிள்ளைகள் சாப்பிட வரவில்லை என்றால், எதற்கு இந்த அடுப்பு என்று மேலே இருக்கிறவர்கள் அதையும் மூடிவிடுவார்கள். அப்புறம் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இரண்டு பொட்டைப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? போகாவிட்டாலோ, ஆயுசு பூராவும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டியதுதான். பெரியவளும் இப்படியே நிற்பாள், சின்னவளும் இப்படியே நிற்பாள்.

என்ன செய்வாள்? கோயிலுக்குத்தான் போனாள். நாத்தனார் வீரம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை சூடம் கொளுத்தி உட்கார்ந்தார்கள். பல்லி சொல்லவில்லை. புதன்கிழமை உட்கார்ந்தார்கள், சொல்லவில்லை. வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்தார்கள். சுவரில் இரண்டு பல்லிகள் இருந்தன. ஒன்று பூச்சியைப் பிடித்துத் தின்றது, இன்னொன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

“உத்தரவு இல்ல, புள்ள. எந்திரி” என்றாள் வீரம்மாள்.

“சொல்லலேன்னா வேண்டாங்கறதா அண்ணி? இல்ல, உன் இஷ்டங்கறதா?”

“சொல்லலேன்னா சொல்லலதான். நீ ஏன் அதுக்கு மேல நோண்டுற?”

“இடப்பக்கம் சொல்லியிருந்தாக்கூட ஒரு வழியா போச்சு. ஒண்ணுமே சொல்லாம வாய மூடிக்கிட்டு இருந்தா நான் என்னான்னு எடுத்துக்கறது?”

வீரம்மாளுக்கு மாடு கட்ட நேரமாகிவிட்டது. முந்தானையை உதறிக்கொண்டு அவள் போய்விட்டாள். ஆண்டாயி மட்டும் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. அம்மன் மேல் கோபப்படலாமா என்று பயமும் வந்தது. கோபமும் பயமும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. “ஏழே வருஷத்துல பிடுங்கிக்கறதுக்கு மட்டும் மூணு தரம் சொன்னீல்ல?” என்று கேட்டேவிட்டாள். கேட்ட மறு நிமிஷமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை, சூடம் கொளுத்தவில்லை. வெளியில் நின்றபடியே சத்தமாகச் சொன்னாள்.

“ஆத்தா, நீ வாயத் தொறக்கல. நான் போறேன். தப்புன்னா வழியில கால ஒடிச்சுப் போடு. கால் நல்லா இருந்துச்சுன்னா, நீ கூட வரேன்னு நெனச்சுக்கறேன்.”

காலனியிலிருந்து பள்ளிக்கூடம் ஒரு கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை அவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு கல் தடுக்கியது. போச்சு, ஒடித்துவிட்டாள் என்று அப்படியே நின்றுவிட்டாள். காலை உதறிப் பார்த்தாள், கட்டைவிரலில் லேசாகத் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். இது ஒடிப்பதில் சேர்த்தியா இல்லையா? ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு, சேர்த்தி இல்லை என்று தானே தீர்மானித்துக்கொண்டு மேலே நடந்தாள்.

சமையல் கொட்டகை கீற்று வேய்ந்தது. இரண்டு அண்டா வந்திருந்தது, இரண்டுக்கும் சேர்த்து ஒரு மூடி வந்திருந்தது. இன்னொரு மூடி எங்கே என்று ஆண்டாயி கேட்டதற்குப் பாலசுந்தரம் எழுதிப் போடுவதாகச் சொன்னார். எழுதியும் போட்டார். மூடி வரவில்லை. சோற்று அண்டாவை மூடியால் மூடினாள், குழம்பு அண்டாவைத் திறந்தபடி விட்டாள்.

முதல் நாள் அறுபது பிள்ளைகளுக்கு ஆக்கினாள். காலனிப் பிள்ளைகள் பதினேழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மற்றதெல்லாம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டது. இரண்டாம் நாளும் அப்படி, ஒரு வாரமும் அப்படி. பாலசுந்தரம் மிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். மூன்றாம் வாரம், இப்படியே போனால் மேலே பதில் சொல்ல முடியாதும்மா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அமிர்தவல்லி காட்டில் அந்த வாரம் வெங்காயம் அறுத்தார்கள். ஆண்டாயியைக் கூப்பிடவில்லை. அவளோடு சேர்ந்து வேலைக்குப் போகிற பெண்களே அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒடிக்க வேண்டியதைக் காலில் ஒடிக்காமல் இப்படி ஒடிக்கிறாளோ ஆத்தா என்று அவளுக்குப் பட்டது.

அந்த வருஷம் மழை இல்லை. கிணறுகள் அடியில் பாறை தெரிய வற்றின. மல்லாட்டை காய் பிடிக்காமலே காய்ந்தது. பசி காலனிக்கு எப்போதும் பழக்கம், ஊர்த்தெருவுக்குப் புதுசு. ஐப்பசி மாசத்தில் ஒருநாள் மத்தியானம் மணி அடித்தபோது ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் வீட்டுக்கு ஓடவில்லை. புத்தகப் பையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தனி வரிசையாகத்தான் உட்கார்ந்தார்கள், இருக்கட்டும், உட்கார்ந்தார்களே. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தவள் அமிர்தவல்லியின் சின்னப் பெண்.

கொட்டகைக்குள்ளிருந்து கீற்றுச் சந்தில் அதைப் பார்த்த ஆண்டாயிக்குக் கை கால் ஓடவில்லை. சந்தோஷத்தில் சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. “ஆத்தா, ஆத்தா” என்று முணுமுணுத்துக்கொண்டே குழம்பு அண்டாவை இறக்கி வைத்தாள். கத்தரிக்காயும் பருப்பும் போட்ட சாம்பார், அன்றைக்கு வாசனை தூக்கலாக இருந்தது. கரண்டியை எடுக்கத் திரும்பினாள்.

தொப்பென்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். சாம்பாரின் நடுவில் ஒரு வால் இரண்டு தரம் துடித்து அடங்கியது. நல்ல பெரிய பல்லி.

அடி ஆத்தா! மூன்று நாள் தவம் கிடந்தபோது வாயைத் திறக்காத பல்லி, இப்போது உடம்போடு வந்து விழுந்திருக்கிறது. தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். சாம்பாரில் விழுந்தால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கக்காரரும் எழுதி வைக்கவில்லை. இது உத்தரவா? உத்தரவு என்றால் என்ன உத்தரவு? வந்தது போதும், வீட்டுக்குப் போ என்கிறாளா? ஆண்டாயி கரண்டியும் கையுமாக அசையாமல் நின்றாள்.

யாரும் பார்க்கவில்லை. கரண்டியால் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பார்த்தீங்களா, காலனிக்காரி ஆக்கின லட்சணம் என்று சாயங்காலத்துக்குள் ஊரே கூடிவிடும். இன்றைக்குத்தான் முதல் முதலாக உட்கார்ந்த ஒன்பது பிள்ளைகள் இனி ஜென்மத்துக்கும் உட்காராது. அடுப்பை மூடுவார்கள். காடும் இல்லை, கரண்டியும் இல்லை. சொல்லாவிட்டால்? பல்லி விஷம். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தன் பெரியவளும் வெளியே தட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

பாலசுந்தரத்தை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். அவர் அண்டாவைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தார், மறுபடி அண்டாவைப் பார்த்தார்.

“ஐயையோ… இன்னிக்குன்னு பாத்தா?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் பாக்கல ஆண்டாயி. நீயே பாத்துச் செய்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நீயே பாத்துச் செய்! ஆத்தாவும் அதைத்தான் சொன்னாள், வாத்தியாரும் அதைத்தான் சொல்கிறார். ஆண்டாயி கூரையைப் பார்த்தாள். “இப்பவாவது ஒரு வார்த்த சொல்லேன்” என்று கெஞ்சினாள். கூரையில் ஓணான்கூட அசையவில்லை. அவளுக்கு எது பக்தி, எது பயம், எது கிறுக்குத்தனம் என்று ஒன்றும் புரியவில்லை. புரிகிற வரைக்கும் காத்திருக்க நேரமும் இல்லை. பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டன.

முந்தானையை இழுத்துச் செருகினாள். சுடச்சுட அண்டாவைத் துணி சுற்றிப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, கொட்டகைக்கு வெளியே வந்தாள். வேலி ஓரம் கொண்டுபோய் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள்.

“கொழம்புல பல்லி வுழுந்துருச்சு! யாரும் கிட்ட வராதீங்க! கொஞ்சம் பொறுங்க சாமிகளா, சோறு நல்லாருக்குது, மூடிதான் வச்சிருந்தேன்.”

உள்ளே ஓடிப்போய் வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, கடுகும் மிளகாயும் கிள்ளிப் போட்டு, உப்பைத் தூவி, சோற்றில் கொட்டிக் கிளறினாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ள வசதியாகப் போயிற்று. பிள்ளைகள் தின்றன. பசிக்கிற பிள்ளைக்கு எது கொடுத்தாலும் தின்னும். ஊர்த்தெருப் பிள்ளைகளும் தின்றன. இனி நாளைக்கு வராது என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் தரமும் வைத்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் சேதி ஊர்த்தெருவுக்குப் போய்விட்டது. அமிர்தவல்லி வேகுவேகென்று வந்தாள். பெண்ணைப் பிடித்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். அப்புறம் வேலி ஓரம் போய்க் கொட்டிக் கிடந்த சாம்பாரைக் குச்சியால் கிளறினாள். பல்லி கிடந்தது. திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றாள்.

“யாரு பாத்தா?”

“யாரும் பாக்கலீங்கம்மா. நாந்தான்.”

“அப்ப யாரு கொட்டச் சொன்னா?”

ஆண்டாயிக்கு அந்தக் கேள்வி வேறு எங்கேயோ போய்க் குத்தியது. கேட்காமல் செய்துவிட்ட குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“யாரும் சொல்லலீங்கம்மா. ஆத்தாகூடச் சொல்லல. நானாத்தான் கொட்டிட்டேன்.”

அமிர்தவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தாள். பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் ஊர்த்தெருவில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்று வீரம்மாள் வந்து சொன்னாள். “நாந்தான் அன்னிக்கே உத்தரவு இல்லன்னு சொன்னேனே” என்றும் சேர்த்துச் சொன்னாள். ஆண்டாயி பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, தான் குடிக்காமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கொட்டகைச் சாவியை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனாள். வாத்தியார் இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். பருப்பு வேகிற நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. அமிர்தவல்லி. இடுப்பில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம். சீர் வரிசை வைக்கிற தாம்பாளம், புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது.

அதை ஆண்டாயி கையில் கொடுக்கவில்லை. வாசலில் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

“இதப் போட்டு மூடு. கீத்துக் கொட்டாயில தொறந்து வச்சிக்கிட்டா ஆக்குவாங்க? புத்தி வேண்டாம்?”

ஆண்டாயி தாம்பாளத்தை எடுத்தாள். அண்டா வாய்க்கு அளவெடுத்துச் செய்ததுபோல் சரியாக உட்கார்ந்தது.

“சாயந்தரம் வெளக்கிக் கொண்டாந்து வூட்டுல குடுத்துடறேங்கம்மா.”

“வேண்டாம்.” அமிர்தவல்லி திரும்பி நடந்துகொண்டே சொன்னாள். “திருப்பித் தர வேண்டாம். அங்கயே கெடக்கட்டும்.”

அன்று மத்தியானம் ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பத்தாவதாக இன்னொன்றும் வந்தது. ஆண்டாயி சாவியைக் கொடுக்க மறந்துவிட்டாள். பரிமாறப் போகிற சமயத்தில் கூரையில் ஒரு பல்லி சொன்னது. அவள் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள், சத்தம் நேர் பின்னாலிருந்து வந்தது. வலமும் இல்லை, இடமும் இல்லை! கரண்டியோடு அப்படியே நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே பாலசுந்தரம், என்னம்மா சிரிக்கிற என்று கேட்டார். ஒண்ணுமில்லீங்க சார் என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தாம்பாளத்தின் விளிம்பில் எழுத்து வெட்டியிருந்தது. ஆண்டாயிக்குப் படிக்கத் தெரியாது. ஒருநாள் கழுவும்போது பெரிய மகள் படித்துச் சொன்னாள். அமிர்தவல்லியின் பெயர், அவள் அம்மா பெயர், கல்யாணத் தேதி. தாய் வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். அதைக் கேட்டதிலிருந்து ஆண்டாயிக்குக் குழப்பம் கூடியது. காட்டுக்கு மறுபடி அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள், லீவு நாளில் போய் வெங்காயம் அறுத்துக் கொடுத்தாள். அமிர்தவல்லி அப்போதும் வாசல்படியிலிருந்துதான் பேசினாள், இவளும் தெருவில் நின்றுதான் பேசினாள். தாம்பாளத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் கொட்டகைக்கு ஓடு போட்டார்கள், அண்டாவுக்கு மூடியும் வந்து சேர்ந்தது. ஆண்டாயி வந்த மூடியை மூலையில் போட்டுவிட்டுத் தாம்பாளத்தைத்தான் வைத்து மூடினாள். அந்த வருஷம் பெரிய மகளுக்கு மாப்பிள்ளை வந்தது. வீரம்மாள் சூடமும் கையுமாக வந்து, கோயிலுக்குக் கிளம்பு, உத்தரவு கேட்கணும் என்று நின்றாள். வருகிறேன் அண்ணி, அரிசி கொதிக்குது, வடித்துவிட்டு வருகிறேன் என்றாள் ஆண்டாயி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக மனசில் இருந்ததை அப்போதுதான் கேட்டாள்.

“ஏம்மா, அந்த அம்மா இதத் திருப்பித் தர வேண்டான்னாங்களே, அது நீ தொட்டுட்டேங்கறதுக்காகவா, இல்ல ஒனக்குன்னே குடுத்தாங்களா?”

ஆண்டாயி சோற்றை வடித்து நிமிர்த்தினாள். குழம்பு அண்டாவின் மேல் தாம்பாளத்தை வைத்து, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள்.

“ஆறு வருஷமா நானும் அதத்தான்டி ஆத்தாவக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது வாயத் தொறக்க மாட்டேங்குது. எனக்கும் ஒண்ணும் புரியல. மூடி இருக்குது, மூடறேன்.”